அச்சுப்பொறி நின்ற நாள்

எதிர்காலத்தை உறுதியாக உரைத்தவர் பலர். அவர்கள் உரைத்தபடி நடந்தவை சிலவே. மறைவானவற்றின் அறிவு இறைவனுக்கே உரியது என நம்பும் நமக்கு, இணையப் பாதுகாப்பின் வரலாறும் ஒரு பாடமாகும்.

2004இல் பில் கேட்ஸ், வேண்டாத மின்னஞ்சல்களின் தொல்லை இரண்டே ஆண்டுகளில் தீரும் என்றார். கடவுச்சொற்கள் வழக்கொழியும் என்றும் கூறினார். இன்றும் இரண்டும் நம்முடன் இருக்கின்றன. 2012இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் லியோன் பனெட்டா, இணையத் தாக்குதலால் ரயில்கள் தடம் புரளலாம், குடிநீர் நஞ்சாகலாம், மின்சாரம் அற்றுப்போகலாம் என எச்சரித்தார். அது முற்றிலும் பொய்க்கவில்லை. 2015 டிசம்பரில் உக்ரைனில் மின்சாரம் சில மணி நேரம் துண்டிக்கப்பட்டது. எனினும் நம் காவிரிக் கரைக்கு வந்த ஆபத்து ஓசையின்றி வந்தது.

1904இல் கும்பகோணத்தில் தோன்றியது சிட்டி யூனியன் வங்கி. 2018 பிப்ரவரியில் அதன் கணினிக்குள் ஊடுருவியோர், வங்கிகளுக்கிடையேயான ஸ்விஃப்ட் வலையமைப்பின் வழியே மூன்று பொய்யான பண உத்தரவுகளை அனுப்பினர். துபாய், துருக்கி, சீனா ஆகிய இடங்களை நோக்கிச் சென்ற அத்தொகை ஏறத்தாழ 20 லட்சம் டாலர். துபாய்க்கான 5 லட்சம் டாலர் உடனே தடுக்கப்பட்டது. உத்தரவுகளைப் பதிவுசெய்யும் அச்சுப்பொறி முதல் நாளே நின்றிருந்தது. அது சாதாரணக் கோளாறாகவே கருதப்பட்டது. மறுநாள் கணக்குகளை ஒத்துப்பார்த்தபோதுதான் களவு வெளிப்பட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், 8 கோடியே 10 லட்சம் டாலரை இழந்த வங்கதேச மத்திய வங்கியிலும் அச்சுப்பொறியே முதலில் நின்றிருந்தது. அச்செய்தியை உலகமே படித்திருந்தது.

பேரழிவை எதிர்பார்த்திருந்த கண்கள் சிறு கோளாறைக் கவனிக்கவில்லை. நம் இல்லங்களிலும் இதுவே நிகழ்கிறது. கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் வளைகுடா உழைப்பின் ஊதியத்தை எதிர்பார்த்திருக்கும் தாய்மாரிடம், காவல்துறை என்றும் வங்கி என்றும் சொல்லி ஓர் அழைப்பு வருகிறது. ஓடிபி எண்ணைக் கேட்கிறது. கடல் கடந்து உழைத்த பிள்ளையின் பல மாத வியர்வை சில நொடிகளில் மறைகிறது.

செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி சூரா அல்ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. பிறர் ஈட்டிய பொருள் நம் கையில் அமானிதம். ஐயம் தோன்றினால் அழைப்பைத் துண்டிப்போம். வீட்டாரிடம் கலந்து பேசுவோம். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் முறையிடுவோம். நாளை எந்த வடிவில் ஆபத்து வரும் என்பதை நாம் அறியோம். இன்று விழிப்புடன் இருப்பது நம் கடமை.