புளிக்க மறுத்த பாலும் மருந்துச் சோதனையும்

கறவை மாடுகளின் மடிவீக்க நோய்க்குப் பென்சிலினைக் காம்புத் துளை வழியே மடிக்குள் செலுத்தும் வழக்கம் 1940-களின் பிற்பகுதியில் மேலை நாடுகளில் பரவியது. நோய் தணிந்தது, ஆனால் மருந்தின் ஒரு பங்கு அடுத்த சில கறவைகளில் பாலோடு வெளியேறியது. இதை முதலில் கண்டுகொண்டவர்கள் சீஸ் தயாரிப்பாளர்கள். உறை சேர்த்த பாலில் புளிப்பு ஏறவில்லை. உறையிலுள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பென்சிலினின் சுவடு பட்டாலே முடங்கிவிடும். மருந்து போட்ட ஒரு மாட்டின் பால் கலந்தால் தொட்டி முழுவதும் வீணானது.

பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொள்ள, அமெரிக்க அரசு 1957-இல் ஒரு தடவைக்கான மடி மருந்தின் அளவை 1,00,000 யூனிட்டுக்குள் கட்டுப்படுத்தியது.

சோதனை முறைகளும் அதே உறைச் சிக்கலிலிருந்தே பிறந்தன. 1955-இல் வெளியான டிடிசி முறையில் பாலைச் சூடாக்கி ஆற்றி, உறைக் கிருமியைச் சேர்த்து, இரண்டு மணி நேரம் 37 டிகிரியில் வைத்து, பின்பு நிறமற்ற டெட்ரசோலியம் உப்பைக் கலப்பார்கள். கிருமி வளர்ந்திருந்தால் பால் சிவக்கும். வெள்ளையாகவே நின்றால் மருந்து உண்டு.

1970-களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து கிஸ்ட்-புரோகேட்ஸ் நிறுவனம் டெல்வோ சோதனையைக் கொண்டுவந்தது. ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது அதன் முன்னோடியான ஈஸ்ட் ஆலை ரகசியமாகப் பென்சிலின் தயாரித்தது. மருந்தைச் செய்த இடமே அதன் எச்சத்தைப் பிடிக்கவும் வழி சொன்னது. சிறு குப்பியிலுள்ள அகாரில் வெப்பம் தாங்கும் ஒரு பாசில்லஸின் வித்துகளும் ஊதா நிறமியும் இருக்கும். அதில் 0.1 மில்லி பாலை விட்டு 64 டிகிரியில் வைப்பார்கள். அந்தச் சூட்டில் பாலின் பிற கிருமிகள் பெரும்பாலும் தலைதூக்காது. ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் அகார் மஞ்சளானால் பால் சுத்தம். ஊதாவாகவே இருந்தால் சந்தேகம்.

மூன்று மணி நேரம் லாரியை வாசலில் நிறுத்திவைப்பது எந்த ஆலைக்கும் கட்டுப்படியாகாது. 1978-இல் ஸ்டான்லி சார்ம் உருவாக்கிய விரைவுச் சோதனை அந்தக் காத்திருப்பை நிமிடங்களுக்குக் குறைத்தது. அமெரிக்காவில் 1992 முதல் ஒவ்வொரு டேங்கரும் பென்சிலின் வகை மருந்துகளுக்காகப் பரிசோதிக்கப்படுகிறது. அகப்பட்ட லாரியின் பால் உணவுக்கு ஏற்கப்படாது. ஆனால் விரைவுச் சோதனை, அது குறிவைக்கும் மருந்து வகைகளை மட்டுமே காட்டும். பலவகை மருந்துகளை ஒருசேரத் தேட, கிருமி வளர்த்துப் பார்க்கும் முறை இன்றும் ஆய்வகங்களில் புழங்குகிறது.