கனெக்டிகட் ஆற்றங்கரையிலிருந்து டென்னசிக்கு: அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலின் இடப்பெயர்வு

அமெரிக்காவில் துப்பாக்கித் தயாரிப்பு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் வடகிழக்கு மாநிலங்களின் தொழிலாகவே இருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் 1794-இல் கூட்டாட்சி அரசு தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலை, ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றிலும் பொருந்தும்படி எல்லாவற்றையும் ஒரே அளவில் எந்திரத்தால் கடைந்தெடுக்கும் முறையை வளர்த்தது. அம்முறையைக் கற்ற தொழிலாளரை நம்பியே ஹார்ட்ஃபோர்டில் கோல்ட், ஸ்பிரிங்ஃபீல்டில் ஸ்மித் அண்ட் வெசன், நியூ ஹேவனில் வின்செஸ்டர் ஆகிய நிறுவனங்கள் கனெக்டிகட் ஆற்றுப் பகுதியிலும் அதன் அண்டையிலும் தழைத்தன. நியூயார்க் மாநிலத்தின் இலியன் என்னும் சிற்றூரில் ரெமிங்டன் 1828 முதல் இயங்கியது. இத்தொழில் இன்று தெற்கு, மேற்கு மாநிலங்களுக்கு நகர்ந்து வருவதற்குக் கடுமையான துப்பாக்கிச் சட்டங்களே காரணம் என்று நிறுவனங்கள் கூறுகின்றன. அக்கூற்று பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று.

சட்டத்துக்கு முன்பே வாங்குவோரின் சினம் இத்தொழிலை ஆட்டிப் படைத்ததற்கு 2000-ஆம் ஆண்டு நிகழ்வு சான்றாகும். தன்மீது நகராட்சிகள் தொடுத்த வழக்குகளிலிருந்து விடுபட விரும்பிய ஸ்மித் அண்ட் வெசன், அவ்வாண்டு மார்ச் மாதம் கிளின்டன் அரசுடன் ஓர் ஒப்பந்தம் செய்து, பாதுகாப்புப் பூட்டு, விற்பனைக் கட்டுப்பாடு முதலியவற்றை ஏற்றது. துப்பாக்கி ஆர்வலர்கள் அந்நிறுவனத்தின் பொருள்களைப் புறக்கணித்தனர், விற்பனை சரிந்தது, பிரிட்டனைச் சேர்ந்த உரிமையாளரான டாம்கின்ஸ் குழுமம் 2001-இல் அதனைக் குறைந்த விலைக்கு விற்று விலகியது. அரசோடு இணங்கிப் போவதன் விலை என்ன என்பதைப் பிற நிறுவனங்களும் அப்போது கண்டுகொண்டன. பிற்காலத்தில் அவை வெளியேறும்போது விடுத்த அறிக்கைகள் சட்டமன்றத்தை நோக்கியவை போலத் தோன்றினாலும், பெரும்பாலும் வாடிக்கையாளரை நோக்கியே எழுதப்பட்டவை எனலாம்.

2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட்டின் நியூடவுனில் உள்ள சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 2013-இன் முதற் பாதிக்குள் நியூயார்க், கொலராடோ, கனெக்டிகட், மேரிலாந்து ஆகிய மாநிலங்கள் புதிய சட்டங்களை இயற்றின. கொலராடோவின் சட்டம் 15 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மகசின்களை, அதாவது துப்பாக்கியில் செருகப்படும் தோட்டாக்கூடுகளை, விற்பதற்குத் தடை விதித்தது. அவற்றைத் தயாரிப்பதையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட மேக்புல் நிறுவனம், 2014 ஜனவரியில் உற்பத்தியை வயோமிங்குக்கும் தலைமையகத்தை டெக்சஸுக்கும் மாற்றுவதாக அறிவித்தது. டெக்சஸ் ஆளுநர் ரிக் பெர்ரி 2013 ஜூனில் கனெக்டிகட்டுக்கே நேரில் சென்று துப்பாக்கி நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தார் என்பது, சட்டம் ஒருபுறம் தள்ள, போட்டி மாநிலங்கள் மறுபுறம் இழுத்தன என்பதைக் காட்டுகிறது.

இவ்வரிசையில் கூர்ந்து நோக்கத்தக்கது பெரெட்டாவின் முடிவு. 1526 முதல் வரலாறு கொண்ட இந்த இத்தாலியக் குடும்ப நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை, மேரிலாந்தின் அக்கோகீக்கில் அமெரிக்கப் படையினருக்கான கைத்துப்பாக்கியைத் தயாரித்து வந்தது. மேரிலாந்துச் சட்டத்தின் முதல் வரைவு அந்நிறுவனத்தின் உற்பத்திக்கே இடையூறாக இருந்தது. இறுதி வடிவில் அப்பகுதிகள் தளர்த்தப்பட்டன. அதன் பின்னும் நிறுவனம் டென்னசியின் காலட்டினைத் தேர்ந்தெடுத்ததோடு, புதிய பொருள்களுக்கு மட்டும் அங்கே ஆலை அமைப்பது என்ற முந்தைய திட்டத்தைக் கைவிட்டு, 2014 ஜூலையில் உற்பத்தி முழுவதையும் மாற்றுவதாக அறிவித்தது. நீக்கப்பட்ட பிரிவுகள் என்றேனும் மீண்டும் வரக்கூடும் என்ற அச்சமே அதற்கு அது கூறிய காரணம். நடப்பிலிருக்கும் சட்டத்தைவிட வரக்கூடிய சட்டமே இங்கு வலுவாகச் செயல்பட்டிருக்கிறது.

ஒரு மாநிலத்தை விட்டு வெளியேறுவதால் அம்மாநிலத்தின் விற்பனைத் தடையிலிருந்து எந்த நிறுவனமும் தப்பிவிட முடியாது. டென்னசியில் செய்த துப்பாக்கியும் மேரிலாந்துக் கடையில் மேரிலாந்துச் சட்டத்துக்கே உட்பட்டது. ஆகவே பிற காரணங்களையும் தேட வேண்டியுள்ளது. தொழிலாளர் எவரையும் தொழிற்சங்கத்தில் சேரவோ சந்தா செலுத்தவோ கட்டாயப்படுத்தலாகாது என்னும் சட்டம் டென்னசி, அலபாமா, ஜார்ஜியா, வட கரோலினா, டெக்சஸ், வயோமிங் ஆகிய எல்லா மாநிலங்களிலும் உண்டு. நியூயார்க்கிலோ கனெக்டிகட்டிலோ மாசசூசெட்ஸிலோ இல்லை. 2013-இல் ரூகர் நிறுவனம் வட கரோலினாவின் மேயோடனில் ஆலை அமைத்தது ஒரு பழைய துணி ஆலைக் கட்டடத்தில். நியூ இங்கிலாந்தின் துணி ஆலைகள் மலிவான கூலியைத் தேடித் தெற்கே சென்றது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில். அன்று அவற்றைத் துரத்த எந்தத் துப்பாக்கிச் சட்டமும் இருக்கவில்லை.

அழைத்த மாநிலங்கள் அனைத்தும் பயன் பெற்றன என்றும் சொல்வதற்கில்லை. 2014-இல் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் நகரம் ரெமிங்டனுக்குச் சலுகைகளை வாரி வழங்கி, ஏறத்தாழ 2,000 வேலைகளை எதிர்பார்த்தது. நிறுவனமோ 2018-இலும் 2020-இலும் திவாலாகிப் பகுதி பகுதியாக விற்கப்பட்டது. துப்பாக்கிப் பிரிவை வாங்கியவர்கள் ஜார்ஜியாவின் லகிராஞ்சுக்குச் செல்ல, இலியன் ஆலை 2024-இல் மூடப்பட்டது.

2021 செப்டம்பரில் ஸ்மித் அண்ட் வெசன் தன் தலைமையகத்தை டென்னசியின் மேரிவில்லுக்கு மாற்றுவதாக அறிவித்தபோது, சிலவகை அரைத்தானியங்கித் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்காகத் தயாரிப்பதையே தடுக்கும் மாசசூசெட்ஸ் மசோதாவைக் காரணமாகக் காட்டியது. விற்பனையை மட்டுமின்றித் தயாரிப்பையே தொட்டதால் அம்மசோதா முந்தைய சட்டங்களினும் கடியது. எனினும் அது அப்போது சட்டமாகியிருக்கவில்லை. மேரிவில்லுக்குச் சென்றவை கைத்துப்பாக்கி, நீள்துப்பாக்கி ஆகியவற்றை இறுதியாகப் பூட்டும் பணியும் நெகிழி வார்ப்பும் நிர்வாகமும். உலோகத்தை அடித்து உருவாக்கும் பட்டறையும் ரிவால்வர் தயாரிப்பும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வேலைகளும் ஸ்பிரிங்ஃபீல்டிலேயே நின்றன. அதே அறிவிப்பின்படி மிசௌரி மாநிலத்தின் கொலம்பியாவில் இருந்த விநியோக மையமும் மூடப்பட்டு மேரிவில்லோடு இணைக்கப்பட்டது. மிசௌரியோ துப்பாக்கிக் கட்டுப்பாடு மிகத் தளர்வாக உள்ள மாநிலங்களுள் ஒன்று.