தேறியவருக்கு மூன்றாம் நாள் மூச்சு நிற்பது ஏன்? பூச்சிமருந்தும் நரம்புக்கலங்களும்

பண்டாரவளையிலிருந்து வெலிமடைப் பக்கம் போனால், முதுகில் கலனோடு மருந்தடிப்பவர்களைக் காணலாம். கிழங்கு, போஞ்சி, கோவா என்று சரிவெங்கும் மரக்கறிக் காணிகள். தோட்டச் சம்பளம் போதாமல் லயன்களிலிருந்து இங்கே கூலிக்கு வருபவர்களும் உண்டு. மாலையில் தலையிடி, குமட்டல், கண் மங்கல் வந்தால் வெயில் என்று சொல்லிப் படுத்துவிடுவார்கள். அடித்தது ஓகனோபொஸ்பேற் வகை மருந்தென்றால் காரணம் வெயிலாக இல்லாமலும் இருக்கலாம். அந்த நஞ்சு தாக்குவது நரம்புக்கலங்கள் செய்தி பரிமாறும் இடத்தை.

நரம்பை மின்கம்பி என்று நினைக்கிறோம். அது பாதிதான் சரி. ஒரு கலத்துக்குள் செய்தி மின்னாகவே ஓடுகிறது. சோடியம் அயன்கள் உள்ளே பாய, அந்த அலை கலத்தின் நீண்ட இழை வழியே நகரும். வேகமான நரம்புகளில் அது செக்கனுக்கு 100 மீற்றர் வரை போகும். ஆனால் இழையின் முனை அடுத்த கலத்தையோ தசையையோ தொடுவதில்லை. நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. பெரும்பாலான இடங்களில் அதைக் கடப்பது மின் அல்ல, இரசாயனம். 1921இல் ஒட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி, அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை இன்னோர் இதயத்துக்கு மாற்றினார். தொடாமலே இரண்டாவது இதயத்தின் துடிப்பும் தளர்ந்தது. அந்தத் திரவத்தில் இருந்தது அசற்றைல்கோலின். நம் தசைகளை அசைப்பதும் அதுதான்.

சொன்ன செய்தியை உடனே அழிப்பதும் சொல்வதைப் போலவே முக்கியம். இடைவெளியிலுள்ள ஒரு நொதியம், செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அசற்றைல்கோலினைச் சிதைத்துவிடும். ஓகனோபொஸ்பேற் இந்த நொதியத்தில் ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது. பிறகு செய்தி நிற்பதே இல்லை. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சிலும் வியர்வையும் வழியும், தசை துடிக்கும், கடைசியில் களைத்துச் செயலிழக்கும். 1936இல் ஜெர்மனியில் பூச்சிமருந்து தேடிய கெர்ஹார்ட் ஷ்ரேடரின் கையில் கிடைத்த தாபூன், போருக்கான நரம்பு நஞ்சானதும் இதே வேலையால்தான்.

வைத்தியசாலையில் கொடுக்கும் அத்திரோப்பின் எச்சிலையும் நெஞ்சுச் சளியையும் அடக்கும், இதயத்தைக் காக்கும். தசைகளின் பலவீனத்தை அது தீர்க்காது. இங்கேதான் இலங்கை வைத்தியர்களின் பெரிய பங்களிப்பு வருகிறது. பேராதனையின் நிமால் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் 1987இல் 10 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். முதல் ஆபத்தைத் தாண்டித் தேறியவர்களுக்கு, ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்து, தோள், சுவாசத் தசைகள் திடீரெனச் சோர்ந்தன. இந்த நிலை இன்று உலக மருத்துவ நூல்களில் இருக்கிறது. முன்னறிகுறி எளியது: படுத்திருப்பவரால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது.

மிகக் கொடிய வகைகளை இலங்கை 1995இல் நிறுத்தியது. டைமெதோயேற், பென்தியோன் 2008க்குப் பின் படிப்படியாக நீங்கின. ஆனாலும் மருந்தடிப்பு நிற்கவில்லை, இங்கேயும் சரி, 77 கலவரத்துக்குப் பின் மலையகத்தவர் பலர் போய்க் குடியேறிய வன்னியிலும் சரி.

நஞ்சு உடலில் பட்டால் உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். 1990 அம்புலன்சை அழையுங்கள், போத்தலையும் கொண்டுபோங்கள். கூட நிற்பவருக்கு நாட்கூலி போகிறதே என்று, எழுந்து உட்கார்ந்து தேநீர் குடித்தவரைக் கையொப்பமிட்டு இரண்டாம் நாளே லயத்துக்குக் கூட்டிவர வேண்டாம். வைத்தியர் விடும்வரை இருக்கட்டும். தலையைத் தூக்க முடிகிறதா என்று நீங்களும் இடைக்கிடை பாருங்கள், முடியாவிட்டால் உடனே தாதியைக் கூப்பிடுங்கள்.