பார்க்காமல் எழுதியவரும் பக்கத்தில் இருந்தவரும்

ஜவ்வாது மலை மக்களைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. கங்குந்திப் பக்கத்து வேடர்கள் சிலர் காஞ்சிபுரத்து வேளாளர்களிடம் பெண் கேட்டார்களாம். வேளாளர்கள் தர மறுத்துவிட்டார்கள். கோபம் கொண்ட வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களை மீட்க ஏழு வேளாளர்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் தாங்கள் இறந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுமாறு வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வழியில் பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் எப்படியோ அக்கரை சேர்ந்தார்கள். நாய்கள் பாதி ஆறு வரை நீந்திவிட்டுத் திரும்பி, காஞ்சிபுரத்துக்கே போய்ச் சேர்ந்தன. ஆட்கள் வேடர்களைக் கொன்றுவிட்டு ஊர் திரும்பினால், அங்கே கருமாதியே முடிந்திருந்தது. மனைவிமார் தாலி அறுத்திருந்தார்கள். உயிரோடு வந்து நின்றவர்களை ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல் வேடர் பெண்களை மணந்துகொண்டு ஜவ்வாது மலை ஏறி, அங்கே பயிர் செய்து பிழைத்தார்கள். அவர்கள் வழிவந்தவர்கள்தான் இன்றைய மலையாளிகள் என்று கதை முடிகிறது. (மலையாளி என்றதும் கேரளம் ஞாபகம் வரும். இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.)

இந்தக் கதையை 1881இல் வந்த வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் காக்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி பதிவு செய்தார். 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதி நூலிலும் இது வருகிறது.

கதை உண்மையா பொய்யா என்பது இருக்கட்டும். அதில் ஒரு விஷயம் யோசிக்க வைக்கிறது. தூரத்தில் இருந்துகொண்டு ஓர் அடையாளத்தை வைத்து முடிவு கட்டிவிட்டால், அப்புறம் ஆளே நேரில் வந்து நின்றாலும் அந்த முடிவு மாறுவதில்லை. சுமார் 200 வருடங்களுக்கு முன்னால் ஒரு முழு நாட்டுக்கே இப்படி ஒரு முடிவு லண்டனில் கட்டப்பட்டது. அந்த நாடு இந்தியா. முடிவு கட்டியவர் பெயர் ஜேம்ஸ் மில்.

லண்டன் அறையில் ஒரு வரலாறு

ஜேம்ஸ் மில் 1773இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். லண்டனுக்கு வந்து பத்திரிகைகளில் எழுதிப் பிழைத்தவர். 1806இல் இந்திய வரலாற்றை எழுதத் தொடங்கி, 1817இல் மூன்று பெரிய தொகுதிகளாக முடித்தார். அவர் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. இந்திய மொழி ஒன்றும் தெரியாது.

இதை அவர் மறைக்கவில்லை. முன்னுரையிலேயே வெளிப்படையாகச் சொல்லி, அதுவே தமக்கு வசதி என்று வாதாடினார். இந்தியாவில் ஆயுள் முழுக்க இருந்து கண்ணாலும் காதாலும் தெரிந்துகொள்வதைவிட, தகுதியுள்ள ஒருவர் இங்கிலாந்தில் தம் அறையில் ஒரே வருடம் படித்து அதிகம் தெரிந்துகொள்ளலாம் என்பது அவர் கட்சி. அதற்கு அவர் சொன்ன உதாரணம் நீதிபதி. வழக்கை விசாரிக்கும் நீதிபதி சம்பவத்தைக் கண்ணால் பார்த்தவர் அல்ல. ஒவ்வொரு சாட்சியும் ஒரு துண்டைத்தான் பார்த்திருப்பார். எல்லாத் துண்டுகளையும் சேர்த்து உண்மையைக் கண்டுபிடிப்பது நீதிபதிதானே?

சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்கார வாதம். வணிகவியல் படிப்பவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும். தணிக்கையாளர் கடையின் கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவரா என்ன? வெளியாள் என்பதால்தான் அவர் கையெழுத்துக்கு மதிப்பு.

ஆனால் தணிக்கையாளர் கணக்குப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. புத்தகத்தில் நூறு மூட்டை என்று இருந்தால் கிடங்குக்குப் போய் எண்ணிப் பார்ப்பார். நீதிபதியும் சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய விடுவார், இரண்டு தரப்பையும் கேட்பார். மில்லின் நீதிமன்றத்தில் சாட்சிகள் எல்லாம் காகிதங்கள். அவையும் ஐரோப்பிய மொழிகளில் இருந்தவை. குற்றம் சாட்டப்பட்ட தரப்பிலிருந்து ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. தீர்ப்பு மட்டும் வந்தது: இந்தியர்கள் நாகரிகத்தின் கீழ்ப்படியில் இருக்கிறார்கள்.

தீர்ப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. இந்தப் புத்தகத்தின் பலத்தில் மில்லுக்கு 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. இந்தியாவுக்கு அனுப்பும் வருவாய்த் துறைக் கடிதங்களுக்கு வரைவு எழுதும் வேலை. 1830இல் அந்தப் பிரிவுக்கே தலைவரானார். இந்தியாவுக்கு வரப்போகும் இளம் அதிகாரிகளுக்குப் பயிற்சி தந்த ஹெய்லிபரி கல்லூரியிலும் அவர் புத்தகம் படிக்கப்பட்டது. இந்திய வரலாற்றை இந்துக் காலம், முஸ்லிம் காலம், ஆங்கிலேயர் காலம் என்று மூன்றாகப் பிரித்ததும் அவர் நூல்தான். பள்ளிப் பாடப் புத்தகங்களில் நெடுங்காலம் இருந்த பிரிவு அது. சாமையும் தினையும் விதைத்துக்கொண்டிருந்த ஜவ்வாது மலைக்காரரை இந்த மூன்றில் எதில் வைப்பது என்று யாரும் கேட்கவில்லை.

மலை அடிவாரத்தில் இன்னொரு பள்ளிக்கூடம்

மில் பேனாவை எடுப்பதற்கு 14 வருடம் முன்பே, ஜவ்வாது மலையின் மேற்கு அடிவாரத்தில் வேறு மாதிரியான படிப்பு ஒன்று தொடங்கியிருந்தது.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாரமகாலையும் சேலத்தையும் கம்பெனிக்குக் கொடுத்தார். பாரமகால் என்பது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் பகுதி. அதை நிர்வகிக்கக் கார்ன்வாலிஸ் பிரபு சிவில் அதிகாரிகளை அனுப்பவில்லை. சென்னையில் இருந்த அவர்களில் நாட்டு மொழி தெரிந்தவர்கள் அபூர்வம். அதனால் ராணுவத்திலிருந்து கேப்டன் அலெக்சாண்டர் ரீடைத் தேர்ந்தெடுத்தார். ரீடு திருப்பத்தூரில் தலைமையிடத்தை வைத்துக்கொண்டார். அவருக்கு மூன்று உதவியாளர்கள். அவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. சென்னை தீவுத்திடல் அருகே சேணம் இல்லாத குதிரைமேல் சிலையாக இருக்கிறாரே, அதே மன்றோதான்.

மன்றோ 1780இல் 18 வயதில் கம்பெனிக் காலாட்படையின் கேடட்டாகச் சென்னையில் வந்து இறங்கியவர். 1792 முதல் 1799 வரை ஏழு வருடம் பாரமகாலில் வேலை பார்த்தார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்து, வயல் வயலாக அளந்து, யார் எதைப் பயிரிடுகிறார், எவ்வளவு விளைகிறது என்று விவசாயியிடமே கேட்டுக் கணக்கு எழுதும் வேலை. இடைத்தரகர் இல்லாமல் ஒவ்வொரு விவசாயியோடும் அரசு நேரடியாக வரி பேசும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவானது. அது எந்தப் புத்தகத்திலும் இருந்து எடுத்ததல்ல. ரீடும் அவர் ஆட்களும் தொடக்கத்தில் வேறு வழிகளைத்தான் முயன்றார்கள். வயலில் பார்த்ததை வைத்து மாற்றிக்கொண்டே வந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான பாடமும் இதே மண்ணில் நடந்தது. வங்காளத்தில் 1793இல் ஜமீன்தார்களோடு நிரந்தர வரி ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அதே அச்சைச் சென்னை மாகாணத்திலும் வைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. 1802 முதல் சேலம், பாரமகால் பகுதிகளை ‘மிட்டா’ என்ற துண்டுகளாக வெட்டி ஏலம் விட்டார்கள். ஜமீன்தாரே இல்லாத ஊரில் ஜமீன்தாரை உண்டாக்கும் வேலை இது. மிட்டாதார்கள் பலர் கட்ட முடியாமல் விழுந்தார்கள். அவர்கள் மிட்டாக்கள் மறுபடி அரசிடமே வந்து சேர்ந்தன. கடைசியில் மன்றோ கவர்னராக இருந்த காலத்தில் (1820 முதல் 1827 வரை) ரயத்துவாரியே மாகாணத்தின் பொது முறையானது.

ஒரு வேடிக்கை பாருங்கள். மன்றோ சென்னையில் கவர்னராக இருந்த அதே வருடங்களில்தான் லண்டனில் மில் வருவாய்க் கடிதங்களை வரைந்துகொண்டிருந்தார். நாட்டைப் பார்த்தவருக்குப் பார்க்காதவர் இருந்த அலுவலகத்திலிருந்து உத்தரவு!

அதைவிட வேடிக்கை, மில்லும் ரயத்துவாரியை ஆதரித்தார். அவர் அந்த முடிவுக்கு வந்தது லண்டன் பொருளாதார அறிஞர் ரிக்கார்டோவின் வாரக் கொள்கை வழியாக. மன்றோ வந்தது வயல் வரப்பு வழியாக. புத்தகம் எப்போதும் தப்பாகவே போகும் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தியர்களைப் பற்றி இருவருக்கும் இருந்த எண்ணம் வேறு. 1813இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னபோது மன்றோ, இந்தியாவின் விவசாயம், கைத்தொழில், ஊர்தோறும் உள்ள பள்ளிக்கூடங்கள், விருந்தோம்பல் ஆகியவற்றை அடுக்கிவிட்டு, நாகரிகம் ஒரு வியாபாரச் சரக்கானால் அதை இறக்குமதி செய்வதில் இங்கிலாந்துக்குத்தான் லாபம் என்றார். மில் அப்போது லண்டனிலேயே இருந்து தம் நூலை எழுதிக்கொண்டிருந்தார்.

எண்ணிப் பார்த்தவர்

பள்ளிக்கூடம் பற்றி மன்றோ சொன்னது வெறும் பாராட்டுப் பேச்சு அல்ல. கவர்னரான பிறகு 1822 ஜூன் மாதம் ஒரு குறிப்பு எழுதினார். நாட்டை வரைபடம் போட்டோம், விளைச்சலைக் கணக்கெடுத்தோம், ஆனால் மக்களின் கல்வி பற்றி நம்மிடம் ஒரு பதிவும் இல்லை என்பது அதன் சாரம். எல்லாக் கலெக்டர்களும் தங்கள் மாவட்டத்தில் பள்ளிகள் எத்தனை, மாணவர்கள் எத்தனை என்று எண்ணி அனுப்ப வேண்டும் என்று உத்தரவானது. 1826இல் தொகுத்தபோது சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தது தெரிந்தது. லண்டன் புத்தகத்தில் இல்லாத சரக்கு கிடங்கில் இருந்தது. இந்த ஆவணங்களைப் பிற்காலத்தில் தேடி எடுத்து 1983இல் நூலாக வெளியிட்டவர் தரம்பால்.

அப்படியானால் நேரில் இருந்தால் போதும் என்று முடித்துவிடலாமா? அங்கேதான் சிக்கல்.

மெக்காலேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கினார், ஊட்டியில் சில மாதம் தங்கினார், கல்கத்தா போனார். 1835 பிப்ரவரியில் கல்வி பற்றிய பிரபலமான குறிப்பை எழுதினார். சமஸ்கிருதமோ அரபியோ தமக்குத் தெரியாது என்று அதிலேயே ஒப்புக்கொண்டு, அந்த மொழிகளின் இலக்கியத்துக்கு விலையும் போட்டுவிட்டார். நாட்டில் இருந்தார், நாட்டைக் கேட்கவில்லை. மறுபக்கம் மாக்ஸ் முல்லர். அவரும் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சமஸ்கிருதத்தில் கழித்தவர். 1882இல் கேம்பிரிட்ஜில் இந்தியாவுக்குப் போகவிருந்த மாணவர்களிடம் பேசும்போது, மில்லின் நூல் செய்த கேட்டைக் கடுமையாகக் கண்டித்தார்.

மன்றோவுக்கும் இந்தக் குறை உண்டு. அவர் வயலில் கேட்ட கேள்விகள் எல்லாம் வரி வசூலிப்பவரின் கேள்விகள். எவ்வளவு விளைகிறது என்று கேட்டவருக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்ற பதில் முழுசாகக் கிடைக்காது, ஏனென்றால் கேட்பவர் கையில்தான் ரசீதும் இருக்கிறது. அவர் வளர்த்த ரயத்துவாரியில் வரி வசூலிக்க விவசாயிகளைச் சித்திரவதை செய்வது நடந்துவந்ததை 1855இல் சென்னை அரசே அமைத்த விசாரணைக் குழு உறுதி செய்தது. மலை மேல் நிலைமை இன்னொரு விதம். 1882இல் வந்த சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக் காடுகளாக்கியது. ஜவ்வாது மலைச் சந்தனம் சர்க்கார் சொத்து. அதோடு தலைமுறைகளாக வாழ்ந்தவர் அதைத் தொட்டால் குற்றவாளி. சந்தன மரம் கணக்கில் ஏறியது. மலைக்காரர் சொல் ஏறவில்லை.

ஆகவே படிப்பா அனுபவமா என்று பட்டிமன்றம் வைப்பதில் பெரிய பயன் இல்லை. மில்லுக்கும் மன்றோவுக்கும் இடையே உள்ள வித்தியாசம் கப்பல் டிக்கெட் மட்டும் அல்ல. மன்றோ தவறாக எழுதினால் ‘இல்லை துரை, அது அப்படி இல்லை’ என்று சொல்ல எதிரே ஒரு விவசாயி நின்றார். கொஞ்சமாவது திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. மில்லின் அறையில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. மன்றோ எங்கே கேட்பதை நிறுத்தினாரோ, அங்கே அவர் முறையும் மில்லின் புத்தகம் மாதிரியே ஆகிவிட்டது.

மில் இறந்த பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. இந்தியாவில் 24 வருடம் இருந்து சமஸ்கிருதம் கற்ற எச். எச். வில்சன், 1840களில் மில்லின் நூலை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். மூலத்தை வெட்டவில்லை. தப்பான இடங்களில் கீழே அடிக்குறிப்புப் போட்டு மறுத்துக்கொண்டே போனார். தணிக்கை அறிக்கையில் ‘இந்தக் கணக்கை ஏற்க முடியவில்லை’ என்று எழுதுவது போல. ஆனால் அதற்குள் 20 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. மேல் பாதியை மட்டும் படித்துவிட்டு ஒரு தலைமுறை அதிகாரிகள் இந்தியாவை ஆண்டுகொண்டிருந்தார்கள்.

இனி ஏதாவது ஒரு நாட்டைப் பற்றியோ ஊரைப் பற்றியோ புத்தகம் கையில் கிடைத்தால், எழுதியவர் அங்கே எத்தனை நாள் இருந்தார் என்று பாருங்கள். அதோடு இன்னொன்றையும் பாருங்கள். அவர் எழுதியது தப்பு என்று சொல்ல அந்த ஊர்க்காரருக்கு எங்கேயாவது ஒரு வாய்ப்புக் கிடைத்ததா?