1966: ஓராண்டு, இரு ஊர்வலங்கள்

இலங்கை இடதுசாரி இயக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1953 ஹர்த்தாலைப் பெருமையோடும், 1964 இல் லங்கா சமசமாஜக் கட்சி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தில் இணைந்ததை வருத்தத்தோடும் குறிப்பிட்டுவிட்டு, நேரே 1970 ஆம் ஆண்டின் கூட்டரசாங்கத்துக்குப் போய்விடுவர். இடையிலுள்ள 1966 ஆம் ஆண்டு பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. இடதுசாரி அரசியலின் தாழ்வும் உயர்வும் ஒருங்கே தெரிந்த ஆண்டு அதுவே என்பது என் கருத்து.

அவ்வாண்டு ஜனவரி 8 ஆந் திகதி கொழும்பில் ஓர் ஊர்வலம் நடந்தது. டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கம் தமிழ் மொழிப் பயன்பாட்டுக்கான ஒழுங்குவிதிகளைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்த நாள் அது. அதனை எதிர்த்து ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியோடு சமசமாஜக் கட்சியும் மொஸ்கோ சார்புக் கொம்யூனிஸ்ட் கட்சியும் வீதிக்கு வந்தன. பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் பௌத்த பிக்கு ஒருவர் உயிரிழந்தார்; அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்த கட்சிகள், பத்தாண்டுகளுக்குள் தமிழுக்குக் கிடைக்கவிருந்த சிறு சலுகைக்கும் எதிராகக் கோஷமிட்டன. தமிழ்த் தொழிலாளரும் படித்த இளைஞரும் இடதுசாரிகள்மீது வைத்திருந்த நம்பிக்கை அன்று பெருமளவில் உடைந்தது.

அதே ஆண்டு ஒக்டோபர் 21 ஆந் திகதி இன்னோர் ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. இதனை நடத்தியது நா. சண்முகதாசன் தலைமையிலான பீக்கிங் சார்புக் கொம்யூனிஸ்ட் கட்சி. ஜனவரி ஊர்வலத்தை நடத்திய கூட்டணியில் இக்கட்சி இருக்கவில்லை என்பதை இங்கே நினைவில் வைத்தல் வேண்டும். தீண்டாமைக்கு எதிராகப் புறப்பட்ட அந்த ஊர்வலத்தின்மீது பொலிஸார் தடியடி நடத்தினர். காயமடைந்தோர் இருந்தும் ஊர்வலம் கலையவில்லை; யாழ்ப்பாணத்தைச் சென்றடைந்தது.

தீண்டாமையைத் தண்டிக்கும் சட்டம் அப்போது இல்லாமலில்லை. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் ஒன்பது ஆண்டுகளாக நடைமுறையில் இருந்தது. ஆயினும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் போத்தலிலும் பேணியிலுமே தேநீர் கிடைத்தது. உள்ளே இருந்து குடிக்க இடமில்லை. பெருங்கோயில்களின் வாயில்களும் அவர்களுக்கு மூடியே கிடந்தன. சட்டம் கொழும்பில் நிறைவேறியது. அதனை ஊர்தோறும் நடைமுறைப்படுத்துவதற்கு ஆளில்லை. அந்த வேலையைத்தான் ஊர்வலத்தின் பின்னர் அணிதிரண்ட மக்கள் தாமே ஏற்றனர்.

1967 இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. எஸ். ரி. என். நாகரட்ணம், கே. ஏ. சுப்பிரமணியம், எழுத்தாளர் கே. டானியல் முதலியோர் அதில் முன்னின்றனர். மேடைப் பேச்சோடு அவர்கள் நிற்கவில்லை. ஊர் ஊராகச் சென்று ஆட்களைச் சேர்த்தனர். ஒரு கடையைத் தெரிவுசெய்து, கூட்டமாக உள்ளே சென்று, இருக்கையில் அமர்ந்து தேநீர் கேட்டனர். தாக்குதல் வந்தபோது திருப்பியும் நின்றனர். உயர்சாதியில் பிறந்த இடதுசாரிகள் சிலரும் தம் சுற்றத்தாரின் பகையை ஏற்று அவர்களோடு நின்றனர். சங்கானை, சாவகச்சேரி போன்ற இடங்களில் மோதல்கள் மூண்டன, உயிர்களும் பலியாயின. சங்கானை ஷங்காயாகிவிட்டதென்ற பேச்சு பாராளுமன்றம் வரை சென்றது.

1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் போராட்டம் உச்சத்தை அடைந்தது. ஆலயப் பிரவேசத்தை எதிர்த்து அங்கு நின்றவர் முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம். தமிழருக்குத் தனிநாடு வேண்டுமென்று முதன்முதலில் குரலெழுப்பியவர்களுள் அவரும் ஒருவர். தன் இனத்துக்கு விடுதலை கேட்டவர், அவ்வினத்தின் ஒரு பகுதியினரைக் கோயில் வாசலில் மறித்தார். அவர்மீது 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தொடரப்பட்ட வழக்கு, மேன்முறையீட்டில் இங்கிலாந்தின் பிரிவுக் கவுன்சில் வரை சென்றது. 1971 இல் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. டானியலின் 'பஞ்சமர்' நாவல் இக்காலத்தின் இலக்கியச் சாட்சியாக இன்றும் நிற்கிறது.

இவ்விரு ஊர்வலங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். ஜனவரியில் நடந்தவர்கள் அடுத்த தேர்தலை எண்ணி நடந்தார்கள். 1970 இல் ஆட்சியும் கிடைத்தது. 1972 இல் கொல்வின் ஆர். டி சில்வாவின் கையாலேயே பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்த அரசியலமைப்பும் வந்தது; 1977 தேர்தலில் அக்கட்சிகளுக்கு ஓர் ஆசனமும் மிஞ்சவில்லை. ஒக்டோபரில் நடந்தவர்களுக்கோ ஆட்சி கிடைக்கவில்லை, பாராளுமன்ற ஆசனமும் கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் திறந்த கடைக் கதவுகளைப் பின்னர் எவராலும் மூட முடியவில்லை.

பின்வந்த போர்க்காலம் இந்த வரலாற்றை மூடி மறைத்தது. தமிழர் அனைவரும் ஒன்றென்று பேச வேண்டியிருந்த காலத்தில், நம்முள் இருந்த பிளவைப் பேசுவது துரோகமாகக் கருதப்பட்டது. சாதி யாழ்ப்பாணத்தில் ஒழிந்துவிட்டதென்று எவரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. திருமணப் பேச்சிலும், காணி விற்பனையிலும், சில கோயில்களின் நிர்வாகத்திலும் அது இருந்துகொண்டே இருக்கிறது. புலம்பெயர்ந்த நாடுகளுக்கும் நம்மோடு கப்பலேறியிருக்கிறது. அந்த ஒக்டோபர் ஊர்வலத்தில் நடந்தவர்களுள் பலர் இன்று நம்மிடையே இல்லை. இருப்பவர்களின் வாய்மொழியையாவது ஊர் ஊராகப் பதிவுசெய்ய வேண்டும். தலைவர்களின் பெயர்கள் எப்படியும் எஞ்சும். கடைக்குள் முதலில் சென்று அமர்ந்தவர்களின் பெயர்கள்தாம் அழிந்துகொண்டிருக்கின்றன.