பாம்புகள் கப்பலேறிய கதை

வைகுண்ட ஏகாதசி இரவில் உத்திரமேரூரில் யாருமே தூங்குவதில்லை என்று நான் எழுதினால், என் தங்கை உடனே மறுப்புக் கடிதம் எழுதுவாள். பாதிப் பேர் பத்தரை மணிக்கே குறட்டை விட ஆரம்பித்து விடுவார்கள். ஆனாலும் சுந்தர வரதராஜப் பெருமாள் இருக்கும் ஊரில் அன்றைக்கு விழிப்பதுதான் முறை. என் பாட்டி இருந்த காலத்தில் விழித்தே தீர வேண்டும். அதற்கு அவள் கையாண்ட உபாயம் பரமபத சோபான படம்.

சென்ற மார்கழிக்கு முந்திய மார்கழியில் நான் ஊருக்குப் போயிருந்தபோது, என் தங்கை பையன் கூடத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் ஏதோ ஓர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தான்.

"என்னடா அது?" என்றேன்.

"டிராகன் குவெஸ்ட், மாமா. ஜப்பான்காரன் ஆட்டம். ரொம்பப் பழசு" என்றான்.

பழசு என்று அவன் சொன்னது 1986-ஆம் வருஷத்தை! எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனால் பையன் விஷயம் தெரிந்தவன். அவன் சொன்ன சங்கதிகளும், பிற்பாடு நான் தேடிப் படித்தவையும் சேர்ந்துதான் இந்தக் கட்டுரை.

ஜப்பானியர் செய்த அந்த ஆட்டத்தில், ஆடுகிறவன் ஒரு வீரனாக ஊர் ஊராய்ப் போவான். பேயையும் பூதத்தையும் வெல்வான். காசும் அநுபவமும் சேர்ப்பான். 1989-இல் அது அமெரிக்காவுக்குப் போனபோது முதலில் பெயரே மாறிற்று. அந்தப் பெயரில் வேறோர் ஆட்டம் அங்கே ஏற்கெனவே இருந்தபடியால், 'டிராகன் வாரியர்' என்று வைத்தார்கள். பாத்திரங்கள் ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலம் பேசத் தொடங்கினார்கள். அடுத்தடுத்து வந்த பாகங்களில் மாதாகோவில் 'வைத்திய சாலை' ஆயிற்று, சிலுவை போயிற்று, செத்த தோழனின் சவப்பெட்டி இருந்த இடத்தில் ஓர் ஆவி வந்து நின்றது. இன்னொரு ஜப்பானிய ஆட்டமாகிய ஃபைனல் ஃபேன்டஸியின் ஆறாம் பாகம் 1994-இல் அமெரிக்கா போனபோது, 'பரிசுத்தம்' என்ற மந்திரம் 'முத்து' என்று பெயர் மாறியது. குழந்தைகள் ஆடும் ஆட்டத்தில் மத சம்பந்தமான சின்னம் எதுவும் கூடாது என்பது அக்காலத்தில் அங்கே வியாபாரிகளின் விதியாக இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாதாகோவிலும் சிலுவையும் சவப்பெட்டியும் ஜப்பானியரின் சொந்தச் சரக்கே அல்ல. மேல்நாட்டுக் கதைகளிலிருந்து ஆசையோடு எடுத்துத் தங்கள் ஆட்டத்துக்கு அலங்காரம் செய்திருந்தார்கள். அந்த அலங்காரத்தையே கழற்றி வைத்து விட்டுத்தான் மேல்நாட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தது!

"ஆட்டம் அதேதானே மாமா? பேர் மாறினால் என்ன?" என்று கேட்டான் பையன்.

பதில் சொல்வதற்குப் பதிலாக நான் எழுந்து பரணில் தேடினேன். பாட்டியின் படம் அகப்படவில்லை. ஏன் அகப்படவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பாட்டியின் படம் ஒரு பெரிய தாள். தாயக்கட்டையை உருட்டித் தாயம் விழுந்தால்தான் காயை இறக்கலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் உண்டு. ஏணிகள் புண்ணியங்கள், பாம்புகள் பாவங்கள். ஏணியைவிடப் பாம்பு அதிகம். உச்சியில் வைகுண்டம். அதற்குச் சற்று முன்னால் ஒரு பெரிய பாம்பு வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். அதன் வாயில் விழுந்தால் அடிமட்டத்துக்கு வந்து சேர வேண்டியதுதான். விழுந்தவனைப் பாட்டி இலேசில் விடமாட்டாள். அந்தப் பாவத்தைச் செய்தவன் யார், என்ன கதி அடைந்தான் என்று புராணத்திலிருந்து ஒரு கதை வரும். கதை முடிந்த பிறகே அடுத்தவர் உருட்டலாம். ஒரே ஆட்டத்தில் இரவு கழிந்துவிடும்.

வடக்கே இதற்கு ஞான சௌபர் என்று பெயர். ஜைனர்களின் பலகையில் 84 கட்டங்கள். வைஷ்ணவர்களின் பலகையில் 72. முஸ்லிம் சூஃபிகளும் தங்கள் மார்க்கத்துக்கு ஏற்ற பலகை ஒன்று வைத்திருந்தார்கள். ஆகவே ஆட்டத்தை மாற்றியவன் வெள்ளைக்காரன் மட்டுமே என்று நாம் கோபித்துக்கொள்ள நியாயமில்லை. ஆனால் நம்மவர்கள் எவ்வளவு மாற்றினாலும் உச்சியில் மோக்ஷம் இருந்தது. வழியில் பாவம் இருந்தது.

1890-களில் ஆட்டம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிற்று. விக்டோரியா மகாராணி காலத்து மனிதர்கள் நீதி போதனையில் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர். சிக்கனம், உழைப்பு, பச்சாத்தாபம் ஆகியவை ஏணிகளாயின. சோம்பல் வறுமையில் கொண்டுபோய் விட்டது. கீழ்ப்படியாமை அவமானத்தில் விட்டது. மோக்ஷம் இருந்த இடத்தில் லௌகிக வெற்றி வந்து உட்கார்ந்தது. பாம்பும் ஏணியும் சரிக்குச் சரியாகப் போடப்பட்டன. மனிதன் விழுவதற்குத்தான் வழி அதிகம் என்ற பாட்டியின் கணக்கை அங்கே ஒருவரும் ஏற்கவில்லை. 1943-இல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி கம்பெனியார் பாம்பையே விரட்டிவிட்டுச் சறுக்குமரத்தை வைத்தார்கள். குழந்தைகள் பாம்பைக் கண்டு பயப்படக்கூடாதாம். பிஸ்கோத்து ஜாடிக்குக் கை நீட்டிய பையன் அங்கே சறுக்கி விழுகிறான். பாவம் அவ்வளவுக்குச் சுருங்கிவிட்டது!

சதுரங்கம் வேறு விதமாக மாறியது. பாரசீகம், அரபு தேசம் வழியாக ஐரோப்பா போன நம் மந்திரி, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் சர்வ வல்லமை படைத்த ராணியாகிவிட்டார். நம் யானையை ஆங்கிலேயர் பிஷப் ஆக்கினார்கள். பிரெஞ்சுக்காரர் விதூஷகன் ஆக்கினார்கள். ருஷ்யர் மட்டும் இன்றும் யானை என்றே சொல்கிறார்கள். ஆட்டம் நம்மிடம் திரும்பி வந்தபோது பிஷப்பை என்ன செய்வது என்று தெரியாமல், வேலையிழந்திருந்த மந்திரியை அங்கே உட்கார வைத்தோம். யானையை மூலைக்கு அனுப்பினோம். 2022-இல் மாமல்லபுரத்தில் உலகச் சதுரங்கப் போட்டி நடந்தபோது, அவரவர் ஊர் வழக்கப்படி அந்தக் காய்களுக்கு எத்தனை பெயர் வழங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

எங்கள் ஊருக்கும் அதிர்ஷ்ட ஆட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் பராந்தக சோழன் காலத்து, அதாவது 919, 921-ஆம் வருஷத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்து பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஆனால் கண்டவன் பெயரும் குடத்துக்குள் போகாது. முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும். பஞ்சமா பாதகம் செய்தவனும், முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவனும் கூடாது. பாவ புண்ணியத்தைப் பார்த்துவிட்டு, மிச்சத்தைச் சிறுவன் கைக்கு விட்டார்கள். பாட்டியின் பலகையும் அப்படித்தான். கட்டை விழுவது அதிர்ஷ்டம். விழுந்த இடம் அதிர்ஷ்டமல்ல.

இனி, படம் அகப்படாத காரணம். எனக்குப் பத்து வயதிருக்கும். கடையில் புதிதாக ஓர் அட்டை வாங்கி வந்தேன். ஒரு பக்கம் லூடோ, மறு பக்கம் பாம்பும் ஏணியும். ஒன்றிலிருந்து நூறு வரை வெறும் எண்கள், வழவழப்பான வர்ணங்கள். கதையும் இல்லை, காத்திருப்பும் இல்லை. கால் மணியில் ஜயம். லூடோவும் நம் பச்சீஸிதான், 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்று வேறு பெயரோடு திரும்பி வந்தது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. பாட்டியின் படத்தைக் கிழித்து என் பூகோளப் புஸ்தகத்துக்கு அட்டை போட்டேன். வைகுண்டம் வெளிப்பக்கம் இருந்தது. பாட்டி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஏகாதசிக்கு அவள் தனியாக ஜபமாலையுடன் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் புது அட்டையில் நாலு ஆட்டம் ஆடிவிட்டுத் தூங்கிப்போனோம்.

இதைப் பையனிடம் சொன்னேன். அவன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, "ஞாபகம் இருக்கிறவரை வரையலாமா, மாமா?" என்றான். நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கோடு கிழித்தோம். உச்சியில் வைகுண்டம் வைத்தேன். அதற்குக் கீழே பெரிய பாம்பையும் வைத்தேன். நடுவில் கட்டங்கள் பல வெறுமையாகவே நின்றன. பாட்டி சொன்ன பெயர்களில் எனக்கு நினைவிருந்தவை பதினொன்றுதான்.

"மிச்சத்துக்கு என்ன எழுதறது?" என்று கேட்டான்.

என் தங்கை அடுக்களையிலிருந்து இரண்டு பெயர் சொன்னாள்.