பெருந்தலைவர் எம்.சி. ராஜாவின் பொதுவாழ்வு: ஒரு மிதவாதி கற்ற பாடம்

நமது சங்கம் கல்விப் பணியில் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், ஆசிரியராய் வாழ்வைத் தொடங்கி அரசியல் தலைவராய் உயர்ந்த ஒருவரை நினைவுகூர்வது பொருத்தமாகும். சென்னை சைதாப்பேட்டையில் அவர் பெயரால் அமைந்த விடுதியில் தங்கிப் பயின்று பட்டம் பெற்றோர் பலர். எனினும் அப்பெயருக்கு உரியவர் யார், அவர் என்ன செய்தார் என்று வினவினால் நம் இளைஞருள் விடை கூறுவோர் மிகச் சிலரே.

அறிந்தோரிடையேயும் கருத்து வேற்றுமை உண்டு. நம் கூட்டங்களில் ஒரு சாரார் அவரை முன்னோடி எனப் போற்றுவர். மற்றொரு சாரார் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்தவர் என்று ஒதுக்குவர். இரண்டும் அவருடைய வாழ்வின் பாதியை மட்டுமே பார்த்துக் கூறும் தீர்ப்புகள். முழு வாழ்வையும் காண்பதே நேர்மை.

வகுப்பறையிலிருந்து சட்டமன்றத்திற்கு

எம்.சி. ராஜா 1883ஆம் ஆண்டு சூன் 17ஆம் நாள் சென்னையை அடுத்த பரங்கிமலையில் பிறந்தார். வெஸ்லி மிஷன் பள்ளியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் ஆசிரியப் பணி ஏற்றார். பள்ளிப் பாடநூல்களும் எழுதினார். நம் பிள்ளைகள் பள்ளி வாயிலை மிதிப்பதே அரிதாயிருந்த அக்காலத்தில், பிறர் பிள்ளைகளும் படிக்கும் நூலை நம்மவர் ஒருவர் எழுதினார் என்பது சிறிய செய்தியன்று.

1916ஆம் ஆண்டு ஆதிதிராவிட மகாசன சபையின் செயலாளரானார். 1920ஆம் ஆண்டளவில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்று அரசு ஏடுகளில் வழங்கிய பெயர்களை நீக்கி, ‘ஆதிதிராவிடர்’, ‘ஆதி ஆந்திரர்’ என வழங்க வேண்டும் எனும் தீர்மானத்தை 1922இல் அவர் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அரசும் அதனை ஏற்றது. பெயர் மாறினால் வயிறு நிறையுமா எனச் சிலர் கேட்கக்கூடும். பள்ளிப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயருக்கெதிரே இழிவு எழுதப்படும்போது அப்பிள்ளையின் தலை எவ்வாறு தாழும் என்பதை ஆசிரியராயிருந்தவர் அறிவார். அத்தீர்மானத்தின் உட்பொருள் அதுவே.

கட்சியை விட்டு விலகியமை

அவர் முதலில் சார்ந்திருந்தது நீதிக்கட்சி. பிராமணரல்லாதார்க்கு அரசுப் பணிகளில் பங்கு கேட்ட அக்கட்சி, ஆட்சிக்கு வந்தபின் ஆதிதிராவிடரை உரியவாறு எண்ணவில்லை என்பது அவர் கண்ட முதல் ஏமாற்றம். 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிப் புளியந்தோப்பில் கலவரம் மூண்டபோது, கட்சித் தலைவர்கள் சிலர், அரசு ஆதிதிராவிடருக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்ததே காரணம் எனப் பழி சுமத்தினர். ராஜா வாளாவிருக்கவில்லை. 1923இல் அக்கட்சியை விட்டு விலகினார். மிதவாதி என்றால் எதையும் பொறுத்துக்கொள்பவர் எனக் கருதுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

1932: நம்பிக்கையின் ஆண்டு

1927 முதல் பத்தாண்டுகள் மத்திய சட்டசபை உறுப்பினராயிருந்தார். வட்டமேசை மாநாட்டிற்கு அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும் அழைக்கப்பட்டனர், ராஜா அழைக்கப்படவில்லை.

நம் மக்களின் பிரதிநிதியை நம் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது தனி வாக்காளர் தொகுதி முறை. இடம் நமக்கென ஒதுக்கப்பட்டிருந்தும் எல்லாச் சாதியினரும் சேர்ந்து வாக்களிப்பது கூட்டுத்தொகுதி முறை. முன்னர் தனி வாக்காளர் தொகுதியை ஆதரித்த ராஜா, 1932இன் தொடக்கத்தில் இந்து மகாசபைத் தலைவர் டாக்டர் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்து கூட்டுத்தொகுதியை ஏற்றார். அம்பேத்கர் இதனைக் கடுமையாக எதிர்த்தார். பின்னர்க் காந்தியடிகளின் உண்ணாநோன்பும், செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தமும் நிகழ்ந்தன. கூட்டுத்தொகுதி முறையே நிலைபெற்றது.

ராஜா அவ்வழியை ஏன் தேர்ந்தார்? பிறரோடு கலந்து வாழ வேண்டிய சிறுபான்மை மக்கள், பிறருடைய நல்லெண்ணத்தையும் பெற்றே முன்னேற முடியும் என அவர் நம்பினார். எண்ணம் தீயதன்று. ஆனால் நல்லெண்ணம் எதிர்ப்புறத்திலும் இருத்தல் வேண்டுமன்றோ?

1938: சோதனையின் ஆண்டு

1937இல் சில மாதங்கள் மட்டும் நீடித்த கே.வி. ரெட்டி நாயுடு அமைச்சரவையில் ராஜா அமைச்சராயிருந்தார். பின்னர் இராஜாஜி தலைமையில் காங்கிரசு அமைச்சரவை அமைந்தது. 1938இல், பொதுக் கிணறு, சாலை முதலியவற்றில் நம்மவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சமூக இடையூறுகள் நீக்க மசோதாவை ராஜா கொண்டுவந்தார், அது சட்டமாயிற்று. அவருடைய மிதவாதம் ஈட்டிய பெரும்பேறு அது.

அடுத்து, கோயில்களைத் திறந்துவிட வழிசெய்யும் ஆலயப் பிரவேச மசோதாவைக் கொண்டுவந்தார். அரசின் ஆதரவு உண்டு என நம்பியிருந்தார். இராஜாஜியோ, மலபாருக்கு மட்டும் தனிச் சட்டம் வரும், இதனைத் திரும்பப் பெறுக என்றார். ராஜா காந்தியடிகளுக்குக் கடிதம் எழுதி முறையிட்டார். இராஜாஜியை நம்புமாறே அறிவுரை கிடைத்தது. மசோதா வாக்கெடுப்பில் பெரும் வேறுபாட்டில் தோற்றது. காங்கிரசின் சார்பில் ஒதுக்கப்பட்ட இடங்களில் வென்றுவந்த நம்மவராலும் கட்சிக் கட்டுப்பாட்டை மீற இயலவில்லை.

கூட்டுத்தொகுதியில் வென்றவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் எனும் வினாவை அம்பேத்கர் 1932இலேயே எழுப்பியிருந்தார். அதற்குரிய விடையை ராஜா 1938இல் தம் கண்முன்னே கண்டார்.

மாறத் துணிந்த மனம்

இதன்பின் அவர் செய்ததே நமக்குப் பாடம். தாம் கொண்ட கொள்கை பொய்த்தது எனக் கண்டபின், மானம் கருதி அதனையே பற்றிக்கொண்டிருக்கவில்லை. 1942 மார்ச்சு இறுதியில் கிரிப்ஸ் தூதுக்குழுவைச் சந்திக்க அண்ணல் அம்பேத்கருடன் சென்றார். நம் மக்களுக்குத் தக்க பாதுகாப்பு அத்திட்டத்தில் இல்லை என இருவரும் ஒன்றாக எடுத்துரைத்தனர். பத்தாண்டுகளுக்கு முன் எதிரெதிர் நின்ற இருவர் ஒரே மேசையின் ஒரே பக்கத்தில் அமர்ந்தனர். அடுத்த ஆண்டு, 1943இல், ராஜா காலமானார். மாகாணக் கோயில்கள் அனைத்தையும் திறந்த சட்டம் 1947இல் வந்தது. அதனைக் காண அவர் இல்லை.

இளைஞர்களே! நாளை உங்களுள் சிலர் ஊராட்சித் தலைவராகலாம். சிலர் சட்டமன்றம் செல்லலாம். பிறரோடு இணங்கிப் பணிபுரிய வேண்டிய நிலை உங்களுக்கும் வரும். இணங்குவது இழுக்கன்று. இணங்கியதால் நம் மக்களுக்கு என்ன கிடைத்தது என ஆண்டுதோறும் கணக்குப் பார்க்காமலிருப்பதே இழுக்கு. ராஜா அக்கணக்கைப் பார்த்தார். தவறு கண்டவிடத்துத் தம்மைத் திருத்திக்கொண்டார். ஒரு மாணவன் தன் விடைத்தாளில் தானே பிழை கண்டு திருத்தினால் ஆசிரியர் மகிழ்வது வழக்கம். ஆசிரியராய் வாழ்வைத் தொடங்கிய அப்பெருமகனை அவ்வாறே மதிப்பிடுவோமாக.